ஜெனோவா சந்துகளில் கூட நடந்து வந்த அம்மாவுக்கு

பெயரைக் கேட்க மறந்துவிட்டோம், அதனால்தான் இந்தப் பதிவு.

இத்தாலியின் பழைய துறைமுக நகரமான ஜெனோவாவில், சான் லொரென்சோ பேராலயத்துக்குள் ஒரு பிரிட்டிஷ் குண்டை வைத்திருக்கிறார்கள். 1941-இல் விழுந்து வெடிக்காமல் போனது. அதை வேடிக்கை பார்த்ததில் நேரம் போனதே தெரியவில்லை. வெளியே வந்தால் இருட்டு, போனில் சார்ஜ் இல்லை, ரயிலுக்கு முக்கால் மணி நேரம்தான்.

அந்தச் சந்துகளைக் 'கருஜ்ஜி' என்கிறார்கள். சில இடங்களில் கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். மூன்று தடவை சுற்றி அதே மூலைக்கு வந்து நின்றோம். காய்கறிப் பையோடு வந்த நீங்கள் எங்கள் பெட்டியைப் பார்த்து, "பிரின்சிப்பே?" என்று ரயில் நிலையத்தின் பெயரை மட்டும் கேட்டீர்கள். சரி, கை காட்டிவிட்டுப் போவீர்கள் என்று நினைத்தேன். 12-ஆம் நூற்றாண்டு மதில் வாசலான போர்த்தா தெய் வக்கா வரை கூடவே நடந்தீர்கள். போகிற வழியில் சுடச்சுட ஃபரினாட்டா வேறு! கடலை மாவும் ஆலிவ் எண்ணெயும்தான், பஜ்ஜி மாவை அடை தட்டிய மாதிரி. காசு கொடுத்தால் முறைத்தீர்கள்.

ரயில் கிடைத்தது. ரொம்ப நன்றி, அம்மா.