ட்வின் ஃபேமிகாம் நகல் கருவி அல்ல: பழுது நீக்கித் தரக் கோரும் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: ஷார்ப் ட்வின் ஃபேமிகாம் கருவியின் டிஸ்க் பகுதி இயங்காமை – உத்தரவாதம் மறுக்கப்பட்டமை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

ஜப்பானிலிருந்து பழைய வீடியோ கேம் கருவிகளைத் தருவித்து, பழுது பார்த்து, முழுமையாகச் சோதிக்கப்பட்டவை என்ற உறுதியுடன் விற்பனை செய்யும் தங்கள் நிறுவனத்திடம், கேசட்டிலும் டிஸ்க்கிலும் வரும் விளையாட்டுகளை இயக்கும் ஷார்ப் தயாரிப்பான ட்வின் ஃபேமிகாம் ஏஎன்-500 வரிசைக் கருவி ஒன்றை முழுத் தொகையும் செலுத்தி வாங்கினேன். கேசட் பகுதியில் எந்தக் குறையும் இல்லை. டிஸ்க் பகுதியோ வந்த நாள் முதலே இயங்கவில்லை. தொடக்கத் திரை வருகிறது, அதில் விளையாட்டுப் பாத்திரங்களான மாரியோவும் லூய்ஜியும் ஓடுகிறார்கள். ஆனால் டிஸ்க்கைச் செருகினால் மோட்டாரின் இரைச்சல் மட்டும் கேட்கிறதே தவிர டிஸ்க் சுழல்வதில்லை, சற்று நேரத்தில் பிழை எண் தோன்றி எல்லாம் நின்றுவிடுகிறது.

கருவியைத் தங்கள் சேவை மையத்துக்கு எடுத்துச் சென்றபோது, அங்கிருந்த ஊழியர் என் கண்ணெதிரிலேயே அதைத் திறந்து காட்டினார். மோட்டாரையும் டிஸ்க்கைச் சுழற்றும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் பெல்ட்டாகவே இல்லை. தார் போல உருகி, சக்கரத்தின் பள்ளம் முழுவதும் கறுப்பாக அப்பிக் கிடந்தது. அவர் பஞ்சால் துடைத்தபோது அது நூல் நூலாக இழுபட்டு வந்தது. நாற்பது ஆண்டுப் பழமையான ரப்பருக்கு இந்தக் கதி நேர்வது இயல்புதான், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்த நிலையில் இருந்த கருவியை எப்படிச் சோதித்து, எப்படித் தேர்ச்சி பெற்றதாக அட்டை ஒட்டி அனுப்பினீர்கள் என்பதே என் கேள்வி.

இதற்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சல் பதில்தான் இக்கடிதத்தை எழுத வைத்தது. ட்வின் ஃபேமிகாம் வேறொரு நிறுவனம் செய்த நகல் கருவி என்றும், டிஸ்க் பகுதி பின்னால் சேர்க்கப்பட்ட கூடுதல் வசதி மட்டுமே என்றும், ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் அசல் கருவிகளுக்கே உத்தரவாதம் பொருந்தும் என்றும், தொடக்கத் திரையில் நிண்டெண்டோ என்ற பெயருக்குப் பதிலாக ஃபேமிகாம் என்று வருவதே இதற்குச் சான்று என்றும் அதில் கூறப்பட்டுள்ளது. இவற்றுள் ஒன்றுகூடச் சரியல்ல.

ட்வின் ஃபேமிகாம், நிண்டெண்டோவின் உரிமம் பெற்று ஷார்ப் நிறுவனம் 1986 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட கருவி. 1983-இல் வந்த நிண்டெண்டோவின் கேசட் கருவியான ஃபேமிலி கம்ப்யூட்டரையும் (சுருக்கமாக ஃபேமிகாம்), அதனுடன் இணைத்து டிஸ்க் விளையாட்டுகளை இயக்க 1986 பிப்ரவரியில் வந்த டிஸ்க் சிஸ்டத்தையும் ஒரே உடலில் சேர்த்ததனால்தான் அதற்கு இரட்டை என்று பொருள்படும் பெயரே வந்தது. தனித்தனியாக வாங்கினால் முன்னதன் விலை 14,800 யென், பின்னதன் விலை 15,000 யென். ட்வின் ஃபேமிகாமின் விலை 32,000 யென். தனி டிஸ்க் சிஸ்டத்துக்கு, கேசட் செருகும் இடத்தில் ராம் அடாப்டர் என்ற இணைப்புப் பெட்டியைப் பொருத்திக் கம்பி இழுக்க வேண்டும். ட்வினில் அந்தச் சுற்று முழுவதும் உள்ளேயே அமைந்துள்ளது. அப்படியிருக்க டிஸ்க் பகுதியைக் கூடுதல் வசதி என்பது, இக்கருவியின் பாதியை இல்லை என்பதற்குச் சமம். அசல் ஃபேமிலி கம்ப்யூட்டர் ஆர்எஃப் எனும் ஆன்டெனா வழி இணைப்பு மூலம் மட்டுமே தொலைக்காட்சிக்குப் படம் தந்த காலத்தில், இக்கருவி படத்தையும் ஒலியையும் நேரடியாகத் தரும் தெளிவான ஏவி இணைப்பையும் தந்தது. நிண்டெண்டோவே ஏவி இணைப்புடன் ஃபேமிலி கம்ப்யூட்டரை மறுவடிவில் வெளியிட்டது 1993-இல்தான். திரையில் வரும் பெயரைப் பொறுத்தவரை, ஜப்பானில் ஃபேமிகாம் என்ற வணிகப் பெயரைத் தன் ஓவன் ஒன்றுக்காக முன்பே பதிந்து வைத்திருந்ததே ஷார்ப் நிறுவனம்தான். ஆகவே அந்தப் பெயர் திரையில் வருவது எந்த வகையிலும் போலிக்கு அடையாளம் ஆகாது.

இவ்விரு நிறுவனங்களின் உறவு இந்தக் கருவியோடு தொடங்கியதும் அல்ல. ஃபேமிலி கம்ப்யூட்டரை வடிவமைத்த மசயுகி உஎமுரா, நிண்டெண்டோவில் சேருவதற்கு முன்பு ஷார்ப்பில் பணிபுரிந்தவர். அங்கே அவர் விற்றுவந்த ஒளி உணரிகளைக் கொண்டுதான் நிண்டெண்டோவின் ஒளித் துப்பாக்கி விளையாட்டுப் பொருட்கள் உருவாயின. 1980-இல் வெளிவந்த நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவிகளான கேம் அண்ட் வாட்ச்களுக்குத் திரவப் படிகத் திரை கொடுத்ததும் ஷார்ப்தான். கால்குலேட்டருக்காகத் தேறிய அந்தத் தொழில்நுட்பத்தை நிண்டெண்டோவின் வடிவமைப்பாளர் குன்பெய் யோகோய் விளையாட்டுக்குத் திருப்பினார். ஃபேமிலி கம்ப்யூட்டர் வந்த 1983-ஆம் ஆண்டிலேயே அதை உள்ளடக்கிய சி1 தொலைக்காட்சியையும், 1989-இல் வீடியோக்களில் எழுத்துகளைச் சேர்க்க உதவும் ஃபேமிகாம் டைட்லரையும், 1990-இல் ஃபேமிகாமுக்கு அடுத்த தலைமுறைக் கருவியான சூப்பர் ஃபேமிகாம் உள்ளமைந்த தொலைக்காட்சியையும் இதே ஷார்ப் நிறுவனம் நிண்டெண்டோவின் ஒப்புதலோடு வெளியிட்டது.

இன்னொன்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தங்கள் விற்பனைப் பக்கத்தில் 1989-ஆம் ஆண்டில் வந்த நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய்களை அசல் என்று குறித்து, உத்தரவாதத்துடன் விற்கிறீர்கள். அந்தக் கேம் பாயின் மையச் செயலியே ஷார்ப் தயாரித்ததுதான். ஷார்ப்பின் சில்லு உள்ளே இருக்கும்போது அசல், ஷார்ப்பின் பெயர் மேலே இருக்கும்போது நகல் என்பது எந்த அளவுகோல்? ஷார்ப் போன்ற ஒரு நிறுவனத்தின் பல்லாண்டு உழைப்பை ஒரு மின்னஞ்சலில் போலி என்று தள்ளிவிடுவது, இக்கருவிகளை மதித்துச் சேகரிக்கும் என்னைப் போன்றோரை மிகவும் புண்படுத்துகிறது. பழைய கருவிகளை விற்றுப் பிழைக்கும் ஒரு நிறுவனம் இதை அறிந்திருக்க வேண்டும் என்றே எதிர்பார்க்கிறேன்.

எனவே தங்கள் செலவில் டிஸ்க் பகுதியின் பெல்ட்டை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். புதிய பெல்ட்டை மாட்டுவதோடு வேலை முடிந்துவிடாது. உருகிய ரப்பரை முற்றிலும் அகற்ற வேண்டும். படிக்கும் முனை தொடங்கும் இடத்தைச் சரிசெய்து, மோட்டாரின் வேகத்தையும் ஒழுங்குபடுத்தாவிட்டால் அதே பிழை எண்தான் மீண்டும் வரும். ஆகவே இவ்வகை டிரைவில் கைப்பழக்கம் உள்ளவரிடம் இப்பணியை ஒப்படைத்து, ஒரு டிஸ்க்கின் இரு பக்கங்களும் இயங்குவதைக் காட்டிய பின்னரே கருவியைத் திருப்பித் தாருங்கள். அது இயலாதெனில், கூரியர் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் திருப்பியளித்துவிட்டுக் கருவியைப் பெற்றுக்கொள்ளலாம். இவ்விரண்டில் முதலாவதையே நான் மனதார விரும்புகிறேன். இக்கருவி என்னிடம் இருக்க வேண்டும், அது முழுமையாக இயங்கவும் வேண்டும்.

இத்துடன் ட்வின் ஃபேமிகாமைப் பற்றித் தங்கள் ஊழியர்களுக்குத் தரப்பட்டுள்ள தவறான குறிப்பைத் திருத்தி, உரிமம் பெற்ற ஷார்ப் கருவிகள் அனைத்துக்கும் உத்தரவாதம் உண்டு என்பதை விற்பனைப் பக்கத்தில் வெளிப்படையாக அறிவிக்குமாறும் கோருகிறேன். விலைப்பட்டியல், சோதனை அட்டையின் படம், தங்கள் மின்னஞ்சலின் நகல், சேவை மையத்தில் எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுக வேண்டியிருக்கும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்