சைக்காலஜிஸ்ட் பில்லும் வைத்திய பில்தான்: இன்சூரன்ஸ் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஹைதராபாத்ல இருக்கிற ஐஆர்டிஏஐ, அதாவது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தோட தலைவருக்கும் ஹெல்த் இன்சூரன்ஸ் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். திருநெல்வேலில இருந்து எழுதுறேன். கேக்க வந்தது ஒண்ணுதான், அதை முதல்லயே சொல்லிடுறேன். ஹெல்த் பாலிசில "மெடிக்கல் பிராக்டிஷனர்"னா யாருன்னு நீங்க ஒரு வரையறை குடுத்திருக்கீங்க, எந்த கம்பெனி பாலிசியை எடுத்தாலும் அதே வாசகம்தான் அச்சாகி வருது. மெடிக்கல் கவுன்சில்ல பதிஞ்ச டாக்டர் அதுல வர்றாரு, சித்தா, ஆயுர்வேதம் மாதிரி இந்திய முறை வைத்தியத்துக்கான கவுன்சில்ல பதிஞ்சவங்க வர்றாங்க, ஹோமியோபதி வருது. ஆர்சிஐல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிஞ்ச கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு, அதாவது மாத்திரை இல்லாம தெரபி மூலமா மனநோய்க்கு வைத்தியம் பாக்குறவங்களுக்கு அதுல இடமே இல்ல. அந்த இடத்தை குடுங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர்.

ஏன் கேக்குறேன்னா, என் தங்கச்சிக்கு ஓசிடி, வேண்டாத பயமும் அதுக்காக ஒரே செயலை திரும்ப திரும்ப செய்றதுமா இருக்கிற மனநோய். கை கழுவ ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, விரல் இடுக்கெல்லாம் வெடிச்சு ரத்தம் வரும், அப்பவும் பைப்பை மூட மாட்டா. சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல டாக்டர், மாத்திரை குடுத்தாரு, கூடவே "மாத்திரை மட்டும் போதாதும்மா, ஈஆர்பி தெரபி வேணும், நல்ல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா பாருங்க"ன்னு சீட்டும் எழுதி குடுத்தாரு. ஈஆர்பி பத்தி தெரியாதவங்களுக்கு சொல்றேன், வாசல் கதவு கைப்பிடியை தொட வைப்பாங்க, தொட்டுட்டு கழுவாம உக்காரணும், பயம் இப்ப நூத்துக்கு எவ்வளவுன்னு கேட்டு கேட்டு எழுதுவாங்க, எண்பதுல இருந்து எழுபது, அப்புறம் அம்பது, அது தானா இறங்குற வரைக்கும் அவங்களும் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. இப்படி 12ல இருந்து 20 செஷன் வரைக்கும் போகும். இதுக்கு பெட்டும் வேணாம் டிரிப்ஸும் வேணாம், இதுல அட்மிஷனே கிடையாது.

ஆனா ஆளை கண்டுபிடிக்கிறதே பெரிய பாடு. மேப்ல சைக்காலஜிஸ்ட்னு போட்டா ஹிப்னோதெரபி, லைஃப் கோச், கெரியர் கவுன்சிலிங், வார இறுதி கோர்ஸ் முடிச்சு போர்டு மாட்டினவங்க எல்லாம் ஒரே வரிசையில வர்றாங்க, யாரு முறையா படிச்சவங்கன்னு சாதாரண ஜனத்துக்கு எப்படி தெரியும்? இத்தனைக்கும் சட்டம் தெளிவாத்தான் இருக்கு. 1992 ஆர்சிஐ சட்டப்படி பதிவு இருந்தாத்தான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு பிராக்டிஸ் பண்ணலாம், ஒவ்வொருத்தருக்கும் சிஆர்ஆர் நம்பர்னு ஒரு பதிவு எண் உண்டு. அந்த நம்பரை கேட்டதும் முகம் சுளிச்சவங்களும் இருந்தாங்க, அங்கெல்லாம் நாங்க திரும்ப போகல. கடைசியா எங்களுக்கு கிடைச்சவங்க நம்பரை லெட்டர்பேட்லயே அடிச்சு வச்சிருந்தாங்க, எம்.ஃபில் முடிச்சவங்க, நல்லா பாத்தாங்க.

அப்புறம் இன்சூரன்ஸ் கதை. கம்பெனி பேரை போடல, ஏன்னா இது ஒரு கம்பெனி பிரச்சனை இல்ல, எல்லாருமே உங்க விதியை காட்டித்தான் பேசுறாங்க. கால் சென்டர் பொண்ணு பாவம் ரொம்ப மரியாதையாத்தான் பேசுச்சு. "மென்டல் இல்னஸ் கவர் ஆகும் மேடம்." சரிம்மா, தெரபி செஷன் கவர் ஆகுமா? "24 மணி நேரம் அட்மிட் ஆகியிருந்தா ஆகும் மேடம்." எங்க பாலிசில ஓபிடி ஆட்-ஆன், அதாவது அட்மிட் ஆகாம பாக்குற வைத்தியத்துக்கான கூடுதல் கவர் இருக்கே, தனியா பிரீமியம் கட்டியிருக்கோமேன்னு கேட்டேன். "கிளெய்ம் போட்டு பாருங்க மேடம்"னுச்சு. போட்டோம். ரெஜிஸ்டர்டு மெடிக்கல் பிராக்டிஷனர் குடுத்த பில் இல்லன்னு ஒரே வரியில திருப்பி அனுப்பிட்டாங்க. சைக்கியாட்ரிஸ்ட் சீட்டு, சிஆர்ஆர் நம்பர் போட்ட பில்லு, செஷன் தேதி எல்லாம் வச்சுத்தான் அனுப்பியிருந்தோம். கம்பெனியோட ஒப்பந்தத்துல இருக்கிறவங்க பேர் வர்ற நெட்வொர்க் லிஸ்ட்டையும் தேடி பாத்தேன், எல்லாம் ஆஸ்பத்திரி பேரா இருக்கு, தனியா கிளினிக் வச்சிருக்கிற சைக்காலஜிஸ்ட் ஒருத்தர்கூட அதுல இல்ல.

இப்ப சட்டத்துக்கு வர்றேன். 2017 மனநல பராமரிப்பு சட்டம், 2018 மே 29ல நடைமுறைக்கு வந்துச்சு. அதோட 21(4) பிரிவு சொல்றது, உடம்பு நோய்க்கு எந்த அடிப்படையில இன்சூரன்ஸ் குடுக்குறீங்களோ அதே அடிப்படையில மனநோய்க்கும் குடுக்கணும். அந்த ஆகஸ்ட்லயே நீங்களும் எல்லா கம்பெனிக்கும் சர்குலர் விட்டீங்க. 2022 அக்டோபர்ல மறுபடியும், மாசக் கடைசிக்குள்ள எல்லா பாலிசிலயும் இது இருக்கணும்னு கண்டிப்பா சொன்னீங்க. அதுக்கு நிஜமாவே நன்றி, அதுக்கு முன்னாடி மனநோய்னாலே விலக்கு பட்டியல்ல போட்டு வச்சிருந்தாங்க. ஆனா "அதே அடிப்படை"ங்கிறதை 24 மணி நேர அட்மிஷன்ல கொண்டு போய் கட்டிட்டா நடைமுறையில என்ன மிஞ்சும்? ஓசிடி, டிப்ரஷன், பேனிக், இதுல எல்லாம் பெரும்பாலான ஆளுங்க ஆஸ்பத்திரில படுக்கவே மாட்டாங்க, வாரா வாரம் ஒரு மணி நேரம் போயிட்டு வருவாங்க, அதுதான் அவங்களுக்கு வைத்தியமே. கண்புரைக்கும் டயாலிசிஸுக்கும் 24 மணி நேரம் வேணாம்னு டேகேர்ல சேத்திருக்கீங்க, வைத்தியத்தோட தன்மையை பாத்துத்தானே அப்படி பண்ணீங்க, இதுக்கும் அப்படியே பாருங்க.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டை டாக்டர்னு போட சொல்லல. அவங்களே அப்படி கேக்க மாட்டாங்க. அதே 2017 சட்டத்துலயே "மனநல நிபுணர்"னு வரையறை இருக்கு, மாநில மனநல ஆணையத்துல பதிஞ்ச கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அதுக்குள்ள வர்றாங்க, 55வது பிரிவுப்படி அந்த பட்டியலை மாநில ஆணையம் வெளியிடவும் வேணும். அந்த வரையறையை எடுத்து உங்க ஓபிடி விதில ஒரு வரி சேத்தா முடிஞ்சுது. அந்த பட்டியலையும் ஆர்சிஐ பதிவேட்டையும் வச்சு கம்பெனிங்க மாவட்ட வாரியா நெட்வொர்க் லிஸ்ட் போட்டா, யாரை நம்பி போறதுன்னு தெரியாம தவிக்கிற குடும்பத்துக்கு ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும், முறையான ஆளும் கிடைப்பாங்க, பணம் வருமா வராதான்னும் முன்னாடியே தெரிஞ்சிடும்.

இதை திறந்து விட்டா செஷன் செஷனா பில் போட்டுக்கிட்டே இருப்பாங்கன்னு கம்பெனிங்க சொல்லலாம். அதுக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு லிமிட் வைங்க, சைக்கியாட்ரிஸ்ட் சீட்டு கட்டாயம்னு வைங்க, நாங்க தர்றோம். எங்க ஊர்ல எங்களுக்கு செஷனுக்கு ஆயிரத்தி இருநூறு ஆகுது, மாசம் நாலு செஷன்னா நாலாயிரத்தி எண்ணூறு, கடையில நின்னு சம்பளம் வாங்குற வீட்ல அது வாடகை பணம். பாதியில நிறுத்திட்டு போற குடும்பங்களை அந்த வெயிட்டிங் ரூம்லயே பாத்திருக்கேன், அடுத்த வாரம் வர்றோம்னு சொல்லிட்டு போவாங்க, அப்புறம் வரவே மாட்டாங்க. 2015-16ல பெங்களூரு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் எடுத்த தேசிய மனநல சர்வேல டிப்ரஷன், ஆங்ஸைட்டி மாதிரி பரவலா இருக்கிற பிரச்சனைகளுக்கு 85 சதவீதம் பேருக்கு சிகிச்சை போய் சேரலன்னு வந்துச்சு. அதுக்கு காசு மட்டும் காரணம் இல்லதான், ஆனா காசும் ஒரு காரணம்.

இன்னொண்ணு, பாலிசி கூட குடுக்குற அந்த வாடிக்கையாளர் தகவல் தாள்ல, அட்மிட் ஆகாம எடுக்குற தெரபிக்கு பணம் உண்டா இல்லையா, உண்டுன்னா எவ்வளவுன்னு ஒரு வரி கட்டாயம் ஆக்குங்க. "மனநோய் கவர் உண்டு"ன்னு மட்டும் போட்டா வாங்குறவங்க எல்லாமே உண்டுன்னுதான் நினைப்பாங்க.

இதை படிக்கிற மத்தவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. முதல் செஷனுக்கு முன்னாடியே சிஆர்ஆர் நம்பரை வாங்கி ஆர்சிஐ சைட்ல சரிபாருங்க. சைக்கியாட்ரிஸ்ட் கிட்ட நோய் பேரோட சீட்டு வாங்கி வைங்க. இன்சூரன்ஸ்ல போன்ல சொன்னதை நம்பாதீங்க, மெயில்ல கேட்டு மெயில்ல பதில் வாங்குங்க. ரிஜெக்ட் ஆனா கம்பெனிக்கு எழுத்துல புகார் குடுங்க, ஒரு மாசத்துல சரியான பதில் வரலன்னா இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேன் கிட்ட போகலாம், தமிழ்நாட்டுக்கு சென்னைலயே ஆபீஸ் இருக்கு, ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேணாம். நாங்களும் அங்கதான் போட போறோம். ராத்திரில மனசு தாங்க முடியலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க.

ஐயா, அம்மா, எந்த விதியை மாத்துனாலும் டிராஃப்டை வெளியிட்டு பொதுமக்கள் கருத்து கேக்குற வழக்கம் உங்ககிட்ட இருக்கு. அடுத்த ஹெல்த் இன்சூரன்ஸ் டிராஃப்ட்ல இந்த வரையறையையும் சேத்து போடுங்க. கருத்து அனுப்ப நாங்க நிறைய பேர் இருக்கோம்.

இப்படிக்கு,
பாலிசிதாரர் ஒருத்தி, திருநெல்வேலி