பவர் ஆம்ப்ளிஃபயருக்கென விற்கப்பட்ட ரேக் பெட்டி எடை தாங்கவில்லை: புகாரும் பணம் திருப்பக் கோரிக்கையும்

அனுப்புநர்:
சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள் தயாரித்து விற்கும் தங்கள் நிறுவனம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் இணையக் கடையில் ரூ.6,800 செலுத்தி நான் வாங்கிய 2யூ ரேக் பெட்டியை (கருவிகளை அடுக்கிப் பூட்டும் ரேக் என்ற சட்டத்தில் இரண்டு அலகு உயரம் பிடிக்கும் வெற்றுப் பெட்டி), 1.6 மி.மீ. இரும்புத் தகட்டால் ஆனது என்று எழுதி விற்றிருக்கிறீர்கள். எனக்கு வந்து சேர்ந்தது 0.9 மி.மீ. தகடு. பெட்டியைத் தங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தரவேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டேன். "துளை போட்ட பெட்டியைத் திரும்ப எடுக்க இயலாது, உள்ளே வைக்கும் பாகங்களின் எடைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பதில் வந்தது. இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. என்ன குறை, அது ஏன் சிறிய குறை அல்ல என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன். தகடு வெட்டும் வேலையும் ஆம்ப்ளிஃபயர் வேலையும் தெரிந்த ஒருவர் இதை முழுவதும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் திருவிழா, திருமணம், தெருக்கூத்து ஆகியவற்றுக்கு மைக் செட் அமைப்பது என் தொழில். ஆம்ப்ளிஃபயர்களை நானே கட்டுகிறேன். எந்த டிரான்சிஸ்டர் போனாலும் இரவோடு இரவாக மாற்றிவிடலாம் என்பதால் எனக்கு இதுதான் வசதி. இந்தப் பெட்டிக்குள் வைப்பதற்கு 800 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ள டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று (நடுவில் துளையுள்ள வளைய வடிவம், அந்தத் துளை வழியே போகும் ஒரே போல்ட்டில் நிற்பது), 45-0-45 வோல்ட், வைத்திருந்தேன். அது மட்டுமே ஏறக்குறைய ஏழு கிலோ. அதோடு டிரான்சிஸ்டர்களின் சூட்டை வெளியேற்றும் இரண்டு அலுமினிய ஹீட் சிங்க், 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் நான்கு, இரண்டு சேனல் போர்டுகள். தங்கள் பக்கத்தில் "800 வாட் வரையான பவர் ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றது", "மேல்மூடியின் மீது 20 கிலோ வரை வைக்கலாம்" என்ற இரண்டு வரிகளும் இருந்தன. இந்த வேலைக்கு நான் தேடியது இந்த இரண்டு வரிகளைத்தான். ஓசூரில் தகடு வெட்டி மடித்துத் தரும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஒற்றைப் பெட்டிக்கு அவர்கள் கேட்கும் கூலி அதிகம் என்பதாலும், துளைகளும் பெயின்டும் கச்சிதமாக இருக்கும் என்று நம்பியதாலும் தங்களிடம் வாங்கினேன்.

முதலில் தகடு. அடித்தட்டின் ஓரத்தில் பெயின்டைச் சுரண்டி, மைக்ரோமீட்டரில் வெறும் இரும்பை அளந்தேன். அடித்தட்டு, மேல்மூடி, பக்கச்சுவர் எல்லாமே 0.9 மி.மீ. அதாவது 20 கேஜ் (கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும்). தாங்கள் எழுதியிருப்பது 16 கேஜ். என் மைக்ரோமீட்டரை நம்பவேண்டாம் என்றால் கூரியர் சீட்டைப் பாருங்கள். ஒரு மி.மீ. தடிமன் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ எடை இருக்கும். தங்கள் பெட்டியின் வெளி அளவுகளுக்கு 1.6 மி.மீ. தகடு போட்டிருந்தால் இரும்பு மட்டுமே ஐந்து கிலோவுக்குக் குறையாது. அட்டைப்பெட்டி, தெர்மோகோல் எல்லாம் சேர்த்துத் தங்கள் கூரியர் சீட்டில் இருக்கும் எடை 3.9 கிலோ. அனுப்பும்போதே தங்கள் எடைக்கல் உண்மையைச் சொல்லியிருக்கிறது.

பாதியளவுக்குச் சற்று மேலான தடிமன் இருக்கிறதே, பாதி வலிமையாவது இருக்கும் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. ஒரு தகடு வளையாமல் நிற்கும் திறன் அதன் தடிமனின் மூன்றாம் படியைப் பொறுத்தது. 1.6 மி.மீ. தகட்டோடு ஒப்பிட்டால் 0.9 மி.மீ. தகட்டுக்கு ஐந்தில் ஒரு பங்குகூட விறைப்பு இல்லை. டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்திப் பெட்டியைத் தூக்கினால் அடித்தட்டு நடுவில் தொய்வது கண்ணுக்கே தெரிகிறது. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் போகும் மலைப்பாதையில் மினி லாரியில் வைத்துக் கொண்டுபோகும் பொருள் இது. ஒவ்வொரு குலுக்கலிலும் ஏழு கிலோ எடை ஒரே போல்ட்டின் வழியே அந்தத் தகட்டை இழுக்கும். சில சீசன்களில் துளையின் ஓரம் கிழியும். முன்பலகையைப் பக்கச்சுவரோடு இணைப்பதும் அதே மெல்லிய தகட்டில் இறங்கிய தானே மரையிடும் திருகுகள்தான். விளம்பரப் படத்தில் காணப்படும் பின்பக்கத் தாங்கியைப் பெட்டியோடு தாங்கள் அனுப்பவில்லை. அதைப் பூட்டுவதற்கான துளையும் பெட்டியில் இல்லை.

மேல்மூடியின் விஷயம் இதைவிடக் கடுமையானது. உள்உயரம் 84 மி.மீ. என்று எழுதியிருந்தீர்கள், மூடியின் மடிப்பு உள்ளே இறங்குவதால் அது உண்மையில் 80 மி.மீ.தான். டிரான்ஸ்ஃபார்மரின் போல்ட் முனை 77 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. தங்கள் கணக்குப்படி 7 மி.மீ. இடைவெளி இருந்திருக்க வேண்டும். கிடைத்தது 3 மி.மீ. வேலை முடித்த பிறகு, மின்சாரம் கொடுக்கும் முன், ரேக்கில் வழக்கமாக மேலே உட்காரும் இன்னொரு ஆம்ப்ளிஃபயரை இதன்மேல் வைத்துப் பார்த்தேன். அதன் எடை தாங்கள் எழுதிய 20 கிலோவில் பாதி. மூடியைக் கழற்றியபோது, அதன் உட்புறத்தில் போல்ட் முனை உரசிப் பெயின்ட் போய் இரும்பு தெரிந்தது.

இதன் பொருள் தங்கள் தொழிற்சாலையில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மரின் நடுத்துளை வழியே போகும் போல்ட்டின் ஒரு முனை மட்டுமே பெட்டியைத் தொடலாம். இரு முனையும் தொட்டுவிட்டால் போல்ட், மேல்மூடி, பக்கச்சுவர், அடித்தட்டு நான்கும் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகத்தைச் சுற்றிய ஒரு மூடிய சுற்றாகிவிடும். அந்த ஒற்றைச் சுற்றில் எழும் வோல்ட் மிகக் குறைவு. ஆனால் தடுக்க எதுவும் இல்லாததால் அதில் பாயும் ஆம்பியர் மிகப் பெரிது. ஃபியூஸ் முந்திக்கொண்டால் விழா நின்றுபோகும். ஃபியூஸ் முந்தவில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். மெலிந்த மூடியும் நான்கு மி.மீ. பொய்க்கணக்கும் சேர்ந்து செய்யக்கூடிய சேதம் இது.

அடுத்ததுதான் எனக்கு இரவில் தூக்கம் கெடுத்தது: எர்த். பெட்டியின் பின்புறம் தாங்களே பொருத்தி அனுப்பிய எர்த் போல்ட், பவுடர் கோட்டிங்கின் (தூளாகத் தெளித்துச் சுட்ட பெயின்ட்) மேலேயே முடுக்கப்பட்டிருக்கிறது. பவுடர் கோட்டிங் மின்சாரம் கடத்தாது. பின்புற மின் சாக்கெட்டின் எர்த் முனையிலிருந்து மேல்மூடிக்கு மீட்டர் வைத்தால், மூடியின் திருகை நன்றாக இறுக்கும்போது தொடர்பு காட்டுகிறது, கொஞ்சம் தளர்ந்தால் காட்டவில்லை. எர்த் என்பது திருகு இறுக்கத்தை நம்பி இருக்கக்கூடாது. தொடக்கூடிய உலோகம் எதுவானாலும் அதற்கும் எர்த் முனைக்கும் நடுவே 0.1 ஓமுக்கு மேல் தடை இருக்கக்கூடாது என்பது இத்தகைய கருவிகளைச் சோதிப்பவர்கள் பின்பற்றும் அளவு.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கூத்துக் கலைஞர் மண் தரையில் வெறுங்காலில், வியர்வையில் நனைந்து நின்று பாடுவார். மைக்கின் உலோக உடல் கேபிளின் ஷீல்டு வழியே ஆம்ப்ளிஃபயரின் பெட்டியோடு இணைந்திருக்கிறது. பெட்டிக்குள் ஒரு மின் வயர் தோல் கிழிந்து தகட்டைத் தொட்டால், எர்த் சரியாக இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் அந்த மின்சாரம் மைக்கைப் பிடித்திருக்கும் கைக்குத்தான் போகும். அந்தக் கலைஞர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, ஒரு தொழிலாளி ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய வேலையைத் தாங்கள் விட்டுவிட்டதை நான் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

அகலத்தையும் சொல்லிவிடுகிறேன். 19 அங்குல ரேக்கில் முன்பலகையின் அகலம் 482.6 மி.மீ.; இருபுற நிறுத்துச் சட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் இடம் 450 மி.மீ. தங்கள் பெட்டியின் உடல் 448 மி.மீ. இருக்கிறது. ஆனால் மூடியைப் பிடிக்கும் திருகுத் தலைகள் ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. துருத்துகின்றன. ஆகப் பெட்டி ரேக்குக்குள் நுழையவில்லை. தலை பதியும் திருகு போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. காற்றுத் துளைகளும் இடம் மாறி இருக்கின்றன: மேல்மூடியில் டிரான்ஸ்ஃபார்மருக்கு நேர் மேலே உண்டு, சூடு பிறக்கும் ஹீட் சிங்குக்கு மேலே இல்லை, அடித்தட்டில் ஒன்றுகூட இல்லை. கீழிருந்து காற்று ஏறாமல் மேலே மட்டும் துளை வைப்பதால் என்ன பயன்? சித்திரை வெயிலில் பந்தலுக்குள் வேலை செய்ய வேண்டிய கருவி இது.

"துளை போட்டுவிட்டீர்கள்" என்ற தங்கள் பதிலுக்கு வருகிறேன். ஆம்ப்ளிஃபயர் கட்டுவோருக்கென்று விற்கும் வெற்றுப் பெட்டியைத் துளை போடாமல் எப்படிப் பயன்படுத்துவது? டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு துளை, ஹீட் சிங்குக்குச் சில துளைகள் போடுவதுதான் அந்தப் பொருளின் பயன்பாடு. நான் துளை போட்டதால் தகடு மெலியவில்லை, உள்உயரம் குறையவில்லை, எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் வந்து சேரவில்லை. "பாகங்களின் எடைக்குப் பொறுப்பல்ல" என்பதும் பொருந்தாது. 800 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றது என்று எழுதியவுடனேயே அதற்கு வேண்டிய டிரான்ஸ்ஃபார்மரின் எடையையும் தாங்கள் ஏற்றுக்கொண்டீர்கள்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் கூறுகின்றன. அதே விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்ததைத் தாங்கள் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவேண்டும். நான் கேட்பவை இவை: ரூ.6,800 முழுமையாக என் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். பெட்டியைத் தங்கள் ஆளை அனுப்பித் தங்கள் செலவில் எடுத்துக்கொள்ள வேண்டும். விளம்பரப் பக்கத்தில் தகட்டின் உண்மையான தடிமன், உள் அளவுகள், திருகுத் தலையோடு சேர்த்த அகலம், மூடி தாங்கும் உண்மையான எடை ஆகியவற்றைத் திருத்தி எழுத வேண்டும். இந்தப் பெட்டியை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு எர்த் போல்ட் பற்றி உடனே தகவல் அனுப்ப வேண்டும். இவற்றில் கடைசிக் கோரிக்கைக்கு மட்டும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே செய்யுங்கள். அவர்களில் பலர் பெட்டியை மூடி, மின்சாரம் கொடுத்து, ஏதோ ஓர் ஊர்த் திருவிழாவில் வைத்திருப்பார்கள்.

ஒரு மாதத்துக்குள் பணம் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்குப் பிறகு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், என் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீது, கூரியர் சீட்டு, தங்கள் விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்று எடுத்த படம், மைக்ரோமீட்டர் அளவுப் படங்கள், போல்ட் உரசிய மூடியின் படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். பெட்டியைக் கழற்றி, பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறேன். தங்கள் பொறியாளர் யாராவது நேரில் வந்து அளந்து பார்க்க விரும்பினால், என் கடையில் எந்த நாளும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காவேரிப்பட்டணம்.