கொஞ்சம் கயிறு அனுப்பி வை

மண்டபம்
ஜனவரி 20

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. முழங்கால் தேவலையாகி மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மருமகனைப் பற்றி நீ எழுதியதற்கு நேரில் பதில் சொல்கிறேன். காகிதத்தில் வைக்கிற சங்கதி இல்லை அது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த வருஷம் செய்துகொண்டிருக்கிற வேலையைப் பற்றி உனக்கு எழுதியே ஆக வேண்டும். வழக்கமாக நாங்கள் ஒரு தலைப்புக் கொடுப்போம். பூமி உருண்டையை இரண்டு கை தாங்குகிற மாதிரி அட்டையில் ஒரு படம் வரும். அதை வரைந்தது அக்காவா அப்பாவா என்பது கோட்டைப் பார்த்தாலே தெரியும். இந்தத் தடவை தலைப்பு கிடையாது, இயற்கையைக் கெடுக்காமல் பிழைப்பது எப்படி என்று நீங்களே ஏதாவது செய்து பாருங்கள், நான் கேட்டால்தான் வாய் திறப்பேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் ஒன்றுமே நடக்கவில்லை. தலைமை ஆசிரியர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்புறம் ஒரு பெண், கரையில் ஒதுங்குவதைப் பொறுக்கி வகை பிரித்து நிறுக்கலாம் என்றாள். அவள் அம்மா மீன் விற்கிறவர், தராசு வீட்டிலேயே இருக்கிறது. எண்ணிக்கையில் பாலிதீன் பைதான் அதிகம். எடையில் முன்னே நின்றது அறுந்த தங்கூசி (நைலான் நரம்பு) வலையும் நைலான் கயிறும். குவியலைக் கிளறிக்கொண்டிருந்த பையன் ஒருவன் ஒரு துண்டைத் தூக்கி முடிச்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது எங்க சித்தப்பா வலை" என்றான். அதுவரைக்கும் 'மனிதர்கள் கடலை மாசுபடுத்துகிறார்கள்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா வந்த பிறகு அந்த வாக்கியத்தை எழுத ஒருவனுக்கும் கை வரவில்லை. நேரே போய்க் கேட்டார்கள். "நானா விட்டேன்? அடியில இருக்கிற பாறை பிடிச்சுக்கிச்சு. இழுத்தா முழு வலையும் போயிரும்" என்றாராம். அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஓலைப்பெட்டி கதை சின்னது. பனைக்கா நம் பக்கம் பஞ்சம்? ஒரு பாட்டியைப் பிடித்துக் குருத்தோலையில் பெட்டி முடையக் கற்றுக்கொண்டு, மீன் வாங்க வருகிறவர்களுக்குப் பைக்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்று போனார்கள். தராசுக்காரம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "ஒழுகுச்சுன்னா கண்டக்டர் பஸ்சுல ஏத்தமாட்டான். நீங்க ஒரு பெட்டி முடையுற நேரத்துல நான் ஒரு கூடை மீனை வித்துருவேன்." 2019 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்தே பைக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் பை ஏன் போகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

கடல்பாசி உரம்தான் பெரிய கதை. தெற்கிலிருந்து சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் பக்கம் பாசி குவிந்து அழுகி நாறுமே, அதை மட்க வைத்து முண்டு மிளகாய்க்குப் போடலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து பிள்ளைகளுக்கு அதன் மேல் தனிப் பெருமை. பாசியை அப்படியே மட்க வைத்துப் போட்ட நாற்று ஓரம் கருகி, இலை சுருண்டு நின்றது. காரணம் உப்பு. கழுவினால் போகும். ஆனால் எந்தத் தண்ணீரில் கழுவுவது? குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற ஊரில், பாசி குளிப்பாட்ட நல்ல தண்ணீரை யார் கொடுப்பார்கள்? கேட்ட வீட்டிலெல்லாம் திட்டு வாங்கினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வழியை அவர்களே கண்டுபிடித்தார்கள். பாசியைக் காயவைத்து, பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் பழைய கதவு ஒன்றைச் சாய்த்துப் போட்டு, அதன் மேல் பரப்பிவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருந்தார்கள். நமக்கு வருஷத்தில் பெய்கிறதே அப்போதுதானே. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒருவன் ஒரு நார் கிள்ளி நாக்கில் வைப்பான். முகம் சுளித்தால் 'இன்னும் இல்லை.' சுளிக்காத நாளில் ஆட்டுப்புழுக்கையோடு சேர்த்துக் குவித்தார்கள். இப்போது செடிகள் நன்றாகவே இருக்கின்றன. வெறும் புழுக்கை போட்ட செடியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். நல்ல காரியம் என்றால் அதற்கு யார் காசு, யார் தண்ணீர், யார் உடம்பு போகிறது என்று கணக்கு எழுதுகிறார்கள். ஊர்வலம் போய்க் கோஷம் போட்டால் வராத புத்தி இது. பாம்பன் சின்னப்பாலம் பக்கத்துப் பாசி எடுக்கிற பெண்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு உனக்குத் தெரியுமா? மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது, மற்ற நாள் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கியதிலிருந்து அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இழுபறிதான். அதற்கு நடுவில் இப்படி ஒரு ஏற்பாடு. அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கிற சீகாலஜி விருது கிடைத்தது. வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் அம்மாக்களும் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். 12 நாள் என்றால் மீதி நாள் அடுப்புக்கு என்ன வழி என்று அவர்களிடம் கேட்டு, அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

சரி, உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். மூங்கில் தெப்பம் கட்டிப் பாசி வளர்க்கிறார்களே, அதில் விதைப்பாசியைக் கட்டுகிற பிளாஸ்டிக் நூலும் கயிறும் அறுந்து கரைக்கு வருகிறது. அதற்குப் பதிலாகத் தென்னங்கயிறு தாங்குமா என்று பார்க்கப் போகிறார்கள். ஒரு அறுவடைக்கு 45 நாள். அதுவரை உப்புத் தண்ணீரில் அறுகாமல் இருந்தால் போதும். இங்கே கடையில் கிடைப்பது எல்லாம் தடிமன். உங்கள் சிங்கம்புணரியில் கிடைக்காத கயிறா? சுண்டுவிரலில் பாதி கனத்துக்கு, நன்றாக முறுக்கேறியதாக ஒரு கட்டு பார்த்து மதுரை வழியாகப் பஸ்சில் போட்டுவிடு. பணம் அவர்களிடம் இருக்கிறது, பொறுக்கிய வலையைக் காயலான் கடையில் போட்ட காசு. பில்லும் சேர்த்து அனுப்பு. இனாமாக வாங்கினால் செலவுக் கணக்கு பொய்யாகிவிடும் என்று அந்தத் தராசு வீட்டுப் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள்.

உன்,
ராசு