பருப்பு வரிய டெல்லியில போட்டா நம்ம கறிச்சட்டி என்னாகும்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழம பேப்பர்ல, தெற்காசிய நாடெல்லாம் சேந்து ஐரோப்பா மாதிரி ஒரு சுங்க ஒன்றியம் (உள்ளுக்குள்ள வரியில்லாம யாவாரம், வெளிச் சாமானுக்கு எல்லா நாடும் ஒரே வரி) அமைக்கணும்னு வந்த கட்டுரைய ரெண்டு தடவ வாசிச்சேன். எழுத்து நல்ல எழுத்துதான். ஆனா சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தையும் சுங்க ஒன்றியத்தையும் ஒரே சட்டியில போட்டு கிண்டிட்டாங்க. நான் பெருசா படிச்சவன் இல்ல, இலங்கையில மாத்தள மாவட்டத்து ரத்தோட்டப் பக்கம் வீட்டுத் தோட்டங்கள்ல மிளகு வாங்கி காயப்போட்டு விக்கிறவன், ஆனா இது ரெண்டும் ஒண்ணில்லன்னு மிளகே எனக்கு நல்லா சொல்லித் தந்திருச்சு.

இலங்கை இந்தியாவோட செஞ்ச சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பர்ல கைச்சாத்தாகி 2000 மார்ச்ல நடைமுறைக்கு வந்திச்சு. அதுல ரெண்டு நாட்டுக்கு நடுவுல வரிய கொறச்சாங்களே ஒழிய, வெளிய இருந்து வர்ற சாமானுக்கு அவங்கவங்க போடுற வரி அவங்கவங்க இஷ்டம். அங்கதான் ஓட்ட விழுந்திச்சு. பாம் எண்ணெய்க்கு இந்தியாவுல வரி கூட, இங்க கொறவு, அதனால அங்க உள்ளவங்களே இங்க வந்து வனஸ்பதி ஃபேக்டரி தொறந்து, வெளிநாட்டு எண்ணெய இங்க கொண்டாந்து காச்சி, "இலங்கைச் சரக்கு"ன்னு பேர் போட்டு வரியில்லாம இந்தியாவுக்கே அனுப்பினாங்க. இந்தியா இவ்வளவுதான் வரலாம்னு கோட்டா போட்டிச்சு, பொறகு ஃபேக்டரிங்க பெரும்பாலும் மூடியாச்சு. மிளகுக்கும் இதே கததான். வியட்நாம் மிளகு கொழும்பு வழியா வருதுன்னு கேரளா, கர்நாடகா விவசாயிங்க சத்தம் போட்டாங்க, 2017 டிசம்பர்ல கிலோவுக்கு 500 இந்திய ரூபாவுக்கு கொறஞ்ச மிளகு உள்ள வரக்கூடாதுன்னு டெல்லி உத்தரவு போட்டிச்சு. களவு செஞ்சவன் எவனோ, ஆனா காரம் கூடின நம்ம மாத்தள மிளகும் சேத்து அடி வாங்கிச்சு. அந்த சீசன்ல மூட்டைய வச்சிக்கிட்டு நான் முழிச்ச முழி எனக்குத்தான் தெரியும்.

சுங்க ஒன்றியம்னா இந்தத் தொல்ல இல்லன்னு கட்டுரையாளர் சொல்லலாம், அது சரிதான். எல்லா நாடும் வெளிச் சாமானுக்கு ஒரே வரி போட்டா, கொறஞ்ச வரி உள்ள கதவத் தேடி யாரும் சுத்தி வரமாட்டான், இது எந்த நாட்டுச் சரக்குன்னு சான்றிதழ் கேட்டு நிக்கிறதும் இல்லாமப் போகும். ஆனா அந்த ஒரே வரிய யாரு எழுதுறது? இதப் பத்தி கட்டுரையில ஒரு வரி இல்ல.

நம்ம லயத்துல (தேயிலத் தோட்டத் தொழிலாளர் வரிச வீட்டுல) மூணு வேளையும் கொதிக்கிற மைசூர் பருப்பு மைசூர்ல இருந்து வர்றதில்ல ஐயா, பெரும்பாலும் கனடாவும் ஆஸ்திரேலியாவும்தான். அதே 2017 டிசம்பர்ல இந்தியா அந்தப் பருப்புக்கு 30 வீதம் எறக்குமதி வரி போட்டிச்சு, ஏன்னா அங்க பருப்பு வெளைவிக்கிற கோடிக்கணக்கான விவசாயிங்கள காப்பாத்தணும், அவங்க பக்கம் அது நியாயம். நம்ம நாட்டுல அந்தப் பருப்பு வெளையிறதே இல்லியே! அன்னிக்கு நாம ஒன்றியத்துல இருந்திருந்தா உத்தர பிரதேசத்துலயோ மத்திய பிரதேசத்துலயோ இருக்கிறவனுக்காக இங்க தேயிலக் கொழுந்து எடுக்கிற பொம்பள பருப்புக்கு வரி கட்டியிருக்கணும். கோதம்ப மாவும் அப்புடித்தான், இந்தியாவுல கோதுமைக்கு 40 வீதம் வரி இருக்கு, காலையில ரொட்டி சுடுற வீட்டுக்காரம்மாகிட்ட போய் அதச் சொல்லிப் பாருங்க.

ஆப்பிரிக்காவுல 1910ல இருந்தே ஒரு சுங்க ஒன்றியம் இருக்கு. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, எஸ்வாத்தினி. வரிய அநேகமா பெரியவரு தென்னாப்பிரிக்காதான் தீர்மானிக்கிறாரு, பதிலுக்கு வசூலாகுற காசுல சின்ன நாடுகளுக்கு பெரிய பங்கு குடுக்கிறாங்க, லெசோத்தோ அரசாங்கத்தோட வருமானத்துல பெரிய பங்கு அந்தக் காசுதான். நமக்கு அப்புடி யாராவது பங்கு தர்றேன்னு சொல்லியிருக்காங்களா? கிழக்கு ஆப்பிரிக்காவுல கென்யா, உகண்டா, தன்சானியா 1977ல ஒருக்கா சண்ட போட்டு பிரிஞ்சு, பொறகு 2005லதான் சுங்க ஒன்றியமா சேந்தாங்க. கென்யாவுல நடக்கிற மொம்பாசா தேயில ஏலத்துல உகண்டா, ருவாண்டா தேயிலையும் விக்கிதே, அது ஒன்றியத்தோட பலன்தான்னு சிலர் உதாரணம் காட்டுவாங்க, ஆனா ஒன்றியத்துல இல்லாத மலாவி தேயிலையும் அதே ஏலத்துலதான் விக்கிது, அதையும் பாக்கணும்.

நான் இந்தியாவுக்கு எதிரான ஆளுன்னு நெனைக்க வேணாம். 1964ல இலங்க, இந்தியப் பிரதமருங்க ரெண்டு பேரும் கையெழுத்து வச்சு 5,25,000 பேர் அங்க, 3,00,000 பேர் இங்கன்னு எங்க மலையகத் தமிழ் ஆளுங்கள எண்ணிப் பிரிச்சாங்களே, அதுல கப்பலேறிப் போன எங்க சித்தப்பா புள்ளைங்க இன்னும் கூடலூர்லதான் இருக்குதுங்க, வாட்ஸ்அப்ல தெனமும் பேசிக்கிறோம். யாவாரம் வேணும், கட்டாயம் வேணும். ஏற்கனவே உள்ள ஒப்பந்தத்துல வருசத்துக்கு 15 மில்லியன் கிலோ தேயிலையும் 2,500 டொன் மிளகும் சலுகையில அனுப்ப எடம் இருக்கு, அந்தத் தேயில கோட்டா ஒழுங்கா நெரம்பினதே இல்ல. சார்க்ங்கிற தெற்காசிய நாடுகளோட கூட்டமைப்புத் தலைவருங்க கடைசியா கூடினது 2014ல காட்மண்டுவுல, ஒரு மேசையில ஒக்காரவே முடியாதவங்க எப்புடி ஒரே வரி எழுதப் போறாங்களோ தெரியல.

கட்டுரையாளர் அடுத்த தடவ எழுதும்போது, பருப்புக்கும் மாவுக்கும் அந்தப் பொது வரி எத்தன வீதம் வரும், அத நாம வேணாம்னு சொன்னா கேப்பாங்களான்னு மட்டும் எழுதச் சொல்லுங்க ஐயா.

இப்படிக்கு,
மிளகு யாவாரி ஒருத்தன்,
ரத்தோட்டை, மாத்தளை