ஏட்டைப்போல் உரிந்துவந்த பெயிண்ட்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போகியன்று வந்தது. பதில் தாமதமானதற்குக் கை காரணம். மூன்று வாரமாக உப்புத்தாள் தேய்த்ததில் விரல் நுனியில் ரேகையே இல்லை. ரேஷன் கடைக் கைரேகை இயந்திரம் நான் நானில்லை என்று நான்கு முறை சொல்லிவிட்டது.

சமையலறை அலமாரிகளைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டும் என்று உன் மருமகள் நிற்பதாகவும், பெயிண்ட் அடித்தால் போதாதா என்றும் கேட்டிருந்தாய். என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

எங்களுடையது 2004-இல் போட்டது. நல்ல பிளைவுட், மேலே காபிக்கொட்டை நிறத்தில் சன்மைக்கா. பலகைக்கு ஒரு குறையும் இல்லை, முகம்தான் கறுத்துப்போயிருந்தது. புதிதாகப் போட மூன்றரை லட்சம் கேட்டார்கள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாக ஐப்பசி அடைமழையில் ஆரம்பித்தேன். சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெள்ளை எனாமல் இரண்டு பூச்சு. ஒரு வாரம் வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். பத்தாம் நாள் சிங்க்கை ஒட்டிய கதவில் குக்கர் மூடி உரசி, நகமளவு பெயர்ந்தது. அந்த ஓரத்தைச் சும்மா பிடித்து இழுத்தேன். ஆறிய பாலின் ஏடுபோல உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே வந்துவிட்டது. கீழே பழைய காபி நிறம், ஒரு கீறலும் இல்லாமல்.

தப்பு பெயிண்டில் இல்லை. சன்மைக்கா என்பது பிசினில் ஊறிய காகித அடுக்குகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய தகடு. மேலே மெலமைன் பூச்சு. மரம்போல எதையும் உறிஞ்சாது. நம் ஆசாரிகள் இன்னமும் 'மைக்கா ஒட்டுவது' என்கிறார்களே, அதில் மைக்கா என்ற கனிமம் துளியும் கிடையாது. 1912 வாக்கில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஓ'கானர், ஃபேபர் என்ற இருவர், மின்கருவிகளில் மின்சாரம் கசியாமலிருக்க வைக்கும் மைக்காவுக்குப் பதிலாக இப்படியொன்றைச் செய்து 'ஃபார்மைக்கா' என்று பெயர் வைத்தார்களாம். மின்சாரத்தையே உள்ளே விடாததற்காகப் பிறந்த பொருள், என் இரண்டு பூச்சு எனாமலை மதிக்குமா?

தை பிறந்ததும் மறுபடி இறங்கினேன். அடித்ததை எல்லாம் சுரண்டி, கதவுகளைக் கழற்றி, பின்பக்கம் ஒட்டுத்தாளில் எண் எழுதினேன். கீல் திருகாணிகளைப் போட இட்லித் தட்டு, ஒரு கதவுக்கு ஒரு குழி. பிறகு வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துக் கழுவினேன். அடுப்புக்கு மேலிருந்த கதவைப் பார்த்திருக்க வேண்டும் நீ. இருபது வருடத் தாளிப்பு, தேன்போலக் கெட்டியாக விரலில் ஒட்டியது. பிசுக்கு போன பிறகுதான் உப்புத்தாளை எடுக்க வேண்டும். முன்னால் தேய்த்தால் எண்ணெயைக் கீறலுக்குள் நாமே திணித்ததாகும். முதலில் 180 எண் தாள், பிறகு அதைவிட நைசான 220. தகட்டைத் தேய்த்து எடுக்க வேண்டாம், மினுமினுப்புச் செத்தால் போதும். தடவினால் பள்ளிக்கூடச் சிலேட்டுபோல இருக்க வேண்டும்.

அதன்மேல் பிரைமர், அதாவது பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு. எல்லா பிரைமரும் இதற்கு ஆகாது. சன்மைக்கா, டைல்ஸ் மாதிரி வழவழப்பில் பிடிக்கும் வகை என்று கேட்டு வாங்கு. ஒரு கதவின் பின்புறம் மட்டும் அடித்து, நன்றாகக் காய்ந்ததும் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, செலோடேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்தேன். டேப் வெறுமனே வந்தது. அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இம்முறை தண்ணீரில் கலக்கும் எனாமல். எண்ணெய் எனாமலில் வெள்ளை அடித்தால் வெளிச்சம் குறைந்த இடத்தில் மஞ்சளாகிவிடும். பஞ்சு ரோலரில் மெல்லிசாக மூன்று பூச்சு. தொட்டால் ஒட்டாத பதம் சில மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் உள்ளே இறுகுவதற்கு மூன்று நான்கு வாரமாவது வேண்டும். எங்கள் கதவுகளுக்கு இன்னும் பத்து நாள் பாக்கி. அதுவரை யாரும் நார் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உன் வீட்டில் பெயிண்டே அடிக்காதே என்கிறேன். கோபப்படாதே. உன்னுடையது சன்மைக்கா இல்லை, பலகைமேல் மெல்லிய தேக்குத் தோலை ஒட்டிய வெனீர் என்றுதான் எனக்கு நினைவு. இரண்டு கதவுகளை அருகருகே வைத்துப் பார். மர ரேகை அச்சடித்தாற்போலத் திரும்பத் திரும்ப வந்தால் சன்மைக்கா. ஒன்றுபோல ஒன்று இல்லையென்றால் நிஜ மரம். அந்த மரத்தோல் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். மெஷின் வைத்துத் தேய்க்க யாரையும் விடாதே, ஒரே இழுப்பில் அடிப்பலகை தெரிந்துவிடும். கையால், ரேகை போகும் திசையிலேயே லேசாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டாலே உன் மருமகள் வாயடைத்துப்போவாள். சிங்க்கின் கீழே பலகை உப்பியிருந்தால் மட்டும் அவள் சொல்வது சரி. அதை மாற்றத்தான் வேண்டும்.

இங்கே ஏழாம் எண் கதவும் பதினொன்றாம் எண் கதவும் இடம் மாறிவிட்டன. கழுவும்போது ஒட்டுத்தாள் உரிந்ததை நான் கவனிக்கவில்லை. மசாலா டப்பா அலமாரியை மூடினால் ஒரு நூல் இடைவெளி தெரிகிறது. எங்கள் வீட்டுக்காரர் தினமும் காபி குடித்துக்கொண்டே அதைப் பார்க்கிறார், வாய் திறப்பதில்லை.

மாசிக் கடைசியில் கோவை வருகிறேன். உப்புத்தாள் நான் கொண்டுவருகிறேன். உன் மருமகளைக் கையுறை வாங்கி வைக்கச் சொல், அவளுக்கும் ரேஷன் கார்டு இருக்கிறதல்லவா?

அன்புடன்,
உன் பழைய பக்கத்து மேசைக்காரி