சேலத்துக் கள்ளும் மளிகைக்கடை பில்லும்

ஆசிரியருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு வரலாறு வெறும் மனப்பாடச் சுமை என்று சென்ற வாரம் ஒரு பெற்றோர் தங்கள் பக்கத்தில் நொந்து எழுதியிருந்தார். சேலத்தில் அந்தப் பாடத்தைப் பல வருடங்களாக நடத்துகிறவள் நான். அவர் சொல்வதில் முக்கால் பங்கு உண்மை. நீதிக்கட்சி எந்த ஊர் மாநாட்டில் திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது என்று கேட்டால், என் பிள்ளைகள் 'சேலம், 1944' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள். தாங்கள் தினமும் பஸ் ஏறி இறங்குகிற இதே சேலம்தான் அது என்பது பலருக்கு உறைத்ததே இல்லை.

மீதிக் கால் பங்குக்காக இந்தக் கடிதம்.

இந்த வருடம் மதுவிலக்குப் பாடத்துக்கு நான் நோட்ஸ் கொடுக்கவில்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அரசு மாகாணம் முழுவதையும் விட்டுவிட்டு முதலில் சேலம் மாவட்டத்தில் மட்டும் ஏன் மதுவிலக்கைக் கொண்டுவந்தது என்று கரும்பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். "அவர் இந்த ஊரில் வக்கீலாக இருந்தவர், நகராட்சித் தலைவராகவும் இருந்தவர், அதனால்தான்" என்றது முதல் பெஞ்சு. "தெரிந்த ஊர்க்காரர்கள் வயிற்றிலா முதலில் அடிப்பார்?" என்றது கடைசி பெஞ்சு. நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்று சேலம் மாவட்டம்தான் என்பதையும், திருச்செங்கோடு பக்கத்தில் 1925இல் அவர் தொடங்கிய காந்தி ஆசிரமத்தையும் படத்தில் காட்டிய பிறகு சண்டை இன்னும் வலுத்தது.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். ஒருத்தியின் கொள்ளுத்தாத்தா மரமேறி. பாளை சீவும் கத்தியை எரவாணத்தில் செருகிவிட்டுக் கூலி வேலைக்குப் போனாராம். அவள் பக்கத்தில் உட்காருகிறவள் தறிக்காரர் வீட்டுப் பெண். வாரக்கூலி முழுதாக வீடு வந்து சேர்ந்ததே அப்போதுதான் என்று அவள் பாட்டி, தன் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறார். "எது டீச்சர் சரி?" என்றார்கள். நான் பதில் சொல்லவில்லை. சொன்னவர் கண்ணால் பார்த்தாரா, காதால் கேட்டாரா, அவருக்கு அதில் லாபமா நஷ்டமா என்று மட்டும் திருப்பிக் கேட்டேன்.

கள்ளில் வந்த வருமானம் போனபின் அரசு எதை வைத்து நடந்தது என்று ஒரு பையன் கேட்டான். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 1939இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரியைப் போட்டது. மறுநாள் அவன் தன் அப்பாவின் மளிகைக்கடை பில்லைக் கொண்டுவந்து, ஜி.எஸ்.டி. வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டு, "இதற்குத் தாத்தா அதுவா டீச்சர்?" என்றான். இருபது வருடத்தில் நான் எழுதிப்போட்ட எந்த நோட்ஸும் அந்தக் கோட்டுக்கு ஈடாகாது.

இதற்கு மூன்று பீரியட் போயிற்று. 'போர்ஷன் முடிந்ததா?' என்று கேட்க மேலிடத்தில் ஆள் உண்டு. 'பிள்ளை என்ன கேட்டான்?' என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அரசியல் பேசுகிறேன் என்று ஒரு அப்பா புகார் வேறு சொன்னார். ஏற்காட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, அஸ்தம்பட்டியில் பஸ் தாண்டுகிற மத்திய சிறையைப் பற்றிக் கேட்டாள். குடியரசு பிறந்து 16 நாள் கழித்து, 1950 பிப்ரவரி 11 அன்று, அங்கே துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். மாணவி கேட்ட பிறகு அதை எப்படிச் சொல்லாமல் இருப்பது?

எனக்குத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். 1937 அக்டோபர் முதல் வாரத்துப் பழைய நாளிதழ் ஏதாவது தங்கள் அலுவலகக் கட்டுகளில் இருந்தால், ஒரே ஒரு பக்கத்தை நகலெடுத்து அனுப்ப முடியுமா? கடைசி பெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நகல் செலவும் தபால் செலவும் என்னுடையது.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியை ஒருவர்,
சேலம்.